எம்.ஏ. கட்டவா, சட்டம் படிக்கவா: ஒரு பட்டதாரி டீச்சரின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை எம்.ஏ. விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பேராதனையில் மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்தவள், நியமனம் கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளோடு கம்பஸ் முடித்த நாலைந்து பேர் ஒரே எம்.ஏ.வுக்குப் போட்டிருக்கிறார்கள், முதல் தவணை கட்ட இன்னும் மூன்று வாரம்தான், சங்கிலியை அடகு வைக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். "நீங்களும் எம்.ஏ. முடிச்சவங்கதானே அக்கா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று படிவத்தை நீட்டினாள்.

நான் போடவில்லை. மூன்று வாரமும் கழியட்டும், அதற்குள் இரண்டு மூன்று விசயம் பார்த்துவிட்டு வா, அப்புறம் போடுகிறேன் என்றேன். அந்த மூன்று வாரத்தில் நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரோ தோட்டமோ போடவில்லை. மலையகத்தில் முதல் டிகிரியை முடித்துவிட்டு நிற்கிற நிறையப் பிள்ளைகள் இதே இடத்தில் நிற்கிறார்கள், கேட்க ஆளில்லை, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

வீடு

அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர், 2022இல் வேலையை விட்டார். அப்பா கொழும்பில் ஒரு கடையில், மாதம் ஒரு தடவை வருவார், சில மாதம் வரமாட்டார். தம்பி ஹட்டனில் போர்டிங்கில் தங்கி உயர்தரம் கணிதப் பிரிவு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இரண்டு காம்பரா, முன்பக்கத்து இஸ்தோப்பை அடைத்து அதில் ஒரு மேசை, அந்த மேசையில்தான் அவள் படித்தது, இப்போது பாடக் குறிப்பு எழுதுவது எல்லாம்.

அந்த அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான், அதற்கு முன்னால் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், அதுவும் தோட்டம் வைத்ததுதான் சட்டம். பொறுப்பெடுத்த பிறகும் பல தோட்டத்தில் நிலைமை மாறவே வருடக்கணக்கு எடுத்தது. அதனால்தான் எங்கள் ஆட்களில் இன்றைக்கும் ஒரு வீட்டின் முதல் பட்டதாரி என்றால் அநேகமாக அந்த லயத்துக்கே முதல் பட்டதாரி. ஓ.எல்., ஏ.எல். வரைக்கும் வழி சொல்ல சேர்மார் இருக்கிறார்கள், கம்பஸ் போவதற்கு ஊரே சேர்ந்து வழியனுப்பும், டிகிரி முடிந்த பிறகு அடுத்தது என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அந்த இடத்தில் பிள்ளை தனியாகிவிடுகிறது. தனியாக இருக்கிற பிள்ளை பக்கத்தில் இருப்பவள் எதில் சேர்கிறாளோ அதில் சேரும், அது யார் குற்றமும் இல்லை.

"டீச்சர் உத்தியோகம் கெடச்சாச்சே, இன்னும் என்ன படிப்பு" என்று லயத்தில் சிலர் கேட்டதாகச் சொன்னாள். அதைப் பிற்போக்கு என்று நான் நினைப்பதில்லை. அன்றைக்கு நாள் சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் 2021இல்தான் வந்தது, 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோது அந்த 1,000த்துக்கு என்ன கிடைத்தது என்று கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரியும். மாதம் தவறாமல் வரும் ஓர் அரச சம்பளம் ஒரு வீட்டை எப்படித் தூக்கி நிறுத்துகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அந்தச் சம்பளத்தை ஆட்டிப் பார்க்கிற எந்த யோசனையையும் அவர்கள் சந்தேகத்தோடு கேட்பது சரியானதுதான்.

முதல் வாரம்: இந்த எம்.ஏ. எந்த எம்.ஏ.?

அவளிடம் நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி. இந்தப் படிப்பு முடிந்த மறுநாள் காலையில், இன்றைக்கு உன்னால் செய்ய முடியாத எதைச் செய்ய முடியும்? எழுதிக்கொண்டு வா என்றேன்.

அவள் எழுதியது இரண்டு. ஒன்று, சம்பளம் கூடும். இரண்டு, கம்பஸில் விரிவுரையாளராகப் போகலாம். இரண்டையும் விசாரித்தோம்.

சம்பளத்துக்கு அவளுடைய நியமனக் கடிதத்தையும் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பட்டதாரியாக உள்ளே வந்தவர் மேலே ஏறுவதற்கு அது முதலில் கேட்பது பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை, அதாவது எல்லாரும் பி.ஜி.டி.ஈ. என்று சொல்கிறார்களே அதை. அவள் சேர நினைத்த எம்.ஏ. அந்த இடத்தை நிரப்பாது. இரண்டு வருடம் ஆசிரியராக இருந்தவள் இந்தக் குறிப்பை முதல் தடவையாக அன்றைக்குத்தான் வாசித்தாள், எங்களில் பலர் அப்படித்தான், கடிதம் கிடைத்த சந்தோசத்தில் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம்.

விரிவுரையாளர் விசயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். இலங்கையில் தகைமைகளுக்கு ஒரு சட்டகம் இருக்கிறது, 12 மட்டங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6, பட்டப்பின் டிப்ளோமா 8. அதற்கு மேல்தான் கவனிக்க வேண்டியது. முதுமாணி (எம்.ஏ.வும் அதில் ஒன்று) என்று ஒரே பெயரில் அழைத்தாலும் பாடநெறி மட்டும் படித்து 30 கிரெடிட்டில் முடிக்கிற ஒரு வருட முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்து 60 கிரெடிட்டில் முடிக்கிறது 10ஆம் மட்டம், முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11, கலாநிதி (பி.எச்.டி.) 12. பெயருக்குப் பின்னால் போடும்போது 9உம் 10உம் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆய்வு வழியாக மேலே போக நினைக்கும்போதுதான் வித்தியாசம் முகத்தில் அடிக்கும். கம்பஸ் விரிவுரையாளர் பதவிக்கு முதலில் பார்ப்பது சிறப்புப் பட்டமும் அதில் எடுத்த வகுப்பும். பொதுப் பட்டத்துக்கு மேல் ஒரு வருட எம்.ஏ.வை ஏற்றி அந்தக் கதவைத் தட்ட முடியாது. அவள் பேராதனைக்கே போய்த் தெரிந்த ஒரு விரிவுரையாளரிடம் கேட்டாள், அவரும் இதையே சொன்னார், நாலு வருசத்துக்கு முன்னால யாராவது சொல்லியிருந்தா சிறப்புக்கே போயிருப்பேனே என்று அன்றைக்கு இரவு போனில் அழுதாள்.

என்னுடைய எம்.ஏ.வும் 9ஆம் மட்டம்தான். அதில் சேர்ந்ததற்கு நான் வருத்தப்படவில்லை, வாசிக்கத் தெரியாத மாதிரி இருந்தவளை வாசிக்க வைத்தது அந்த ஒரு வருடம்தான். படிக்க ஆசையாக இருக்கிறது, அதற்காகவே படிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பேன். அம்மாவின் சங்கிலியை வைத்து, கிடைக்காத ஒன்று கிடைக்கும் என்று நம்பிச் சேர்வது வேறு.

இந்தியாவில் முதுமாணி படிக்க இந்திய அரசு கொடுக்கிற மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் பற்றியும் ஒரு நாள் பேசினோம். நல்ல வாய்ப்பு. இரண்டு வருடம் வீட்டை விட்டுப் போக முடியாது என்று அரை மணித்தியாலத்தில் மூடிவிட்டாள்.

இரண்டாவது வாரம்: பிஸ்கட் டின்

இந்த வாரத்தைத்தான் நான் சரியாகச் சொல்ல வேண்டும்.

தம்பியின் போர்டிங் காசு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, சீட்டு, எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கலாம் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில் அம்மா மெதுவாகச் சொன்னார். "புள்ள ராவுல அந்தச் சட்டப் பேப்பரத்தான் டீச்சர் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. என் காசு வந்து முடிஞ்சிருச்சு, இன்னும் எதுக்குப் பாக்குதுன்னு தெரியல."

மேசையில் தடித்த ஒரு கட்டு. டவுனில் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் சில பக்கம், ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு.

கதை இதுதான். அம்மா 31 வருடம் வேலை செய்திருக்கிறார். நாள் சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக, சட்டத்தின் சொல்லில் பணிக்கொடையாக, கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 31ஐ 14ஆல் பெருக்கினால் 434 நாள். தோட்டத்து ஒபிஸில் 26 வருடம்தான் என்றார்கள், அதாவது 364 நாள். 70 நாள் சம்பளம் எங்கே போனது என்றால் முதல் ஐந்து வருடமும் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவில், அம்மாவின் பெயருக்கு முன்னால் வேறு முதலெழுத்து. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, செக்ரோலில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் பெயரே கொஞ்சம் வேறு. மலையகத்தில் இது எந்த வீட்டில் இல்லை? 1948இல் குடியுரிமையைப் பறித்துவிட்டு 2003 வரைக்கும் அதைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்த நாட்டில், எங்கள் பெயர்களை எழுதியவர்கள் பெரும்பாலும் எங்களிடம் கேட்காமல், காதில் விழுந்தபடி எழுதியவர்கள். சேமலாப நிதி எடுக்கும்போது, சேவைக்காலப் பணம் கேட்கும்போது, காணிப் பத்திரம் வரும்போது, அந்த எழுத்துப் பிழை வந்து கதவில் நிற்கும்.

வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம் அது. எட்டு மாதம் இழுத்தது. அம்மா பழைய சம்பளத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், எழுத்து அழிந்தும் அழியாமலும், மகள் அதையெல்லாம் வருடவாரியாக அடுக்கி ஒட்டி, சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி முடித்து, தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினாள். விசாரணைக்குத் தோட்டத்துப் பக்கம் இரண்டு பேர் வந்தார்கள். பேச்செல்லாம் சிங்களத்தில். 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதான், அந்த அறையில் அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. அம்மாவுக்கு விளங்காமல் தலையாட்டத் தொடங்க, இவள் எழுந்து சம்பளத் துண்டைக் காட்டி ஏதோ சொல்லப் போக, "நீங்க யாரு" என்று கேட்டிருக்கிறார்கள். மகள் என்றிருக்கிறாள். மகள் என்றால் பின்னால் உட்காருங்கள் என்றிருக்கிறார்கள்.

உட்கார்ந்தாள். துண்டுகளே பேசின, கடைசியில் அந்த ஐந்து வருடத்தையும் சேர்த்து 434 நாளுக்கும் கணக்கு முடித்தார்கள். ஆனால் பின்னால் உட்கார வைத்தது அவளை விட்டுப் போகவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணியோடு வந்தவளிடம் அதே பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன், படித்து முடித்த மறுநாள் காலையில் என்ன செய்வாய் என்று, எம்.ஏ.வுக்கு ஒரு வாரம் எடுத்து எழுதியவள் இதற்கு உடனே சொன்னாள். "நீங்க யாருன்னு கேட்டா, சட்டத்தரணின்னு சொல்லுவேன் அக்கா. அம்மா மாதிரி யாரு வந்தாலும் முன்னால நின்னு தமிழ்ல பேசுவேன்."

இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சட்டமெல்லாம் நம்ம ஆட்களுக்கு எங்கே, இங்கிலீஷ் வேணுமே என்றாள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது என்று 2020 கடைசியில் வர்த்தமானி வந்து, இங்கே சட்டம் படிக்க நினைத்திருந்த எத்தனையோ பிள்ளைகள் அதோடு ஆசையை மடித்து வைத்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதியைத் தோற்கடித்தது, அந்தச் செய்தி இவள் காதுக்கு வரவேயில்லை. மூடினார்கள் என்ற செய்தி மலை ஏறி வந்த வேகத்தில் திறந்தார்கள் என்ற செய்தி வரவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தீர்ப்புகளையும் பெரிய நூல்களையும் வாசிக்க அது வேண்டும், அதை அவளுக்கும் ஒளிக்காமல் சொன்னேன்.

மூன்றாவது வாரம்: நான் சொன்னதும் அவள் செய்ததும்

சட்டத்தரணி ஆக இரண்டு வழி பார்த்தோம். ஒன்று கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டக் கல்லூரி, 1874இல் தொடங்கியது, நுழைவுப் பரீட்சை எழுதி உள்ளே போய் மூன்று வருடம். மற்றது திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டம், தெரிவுப் பரீட்சை எழுதிச் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், ஆனால் அதை முடித்தாலும் பயணம் முடியாது, சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் இருக்கின்றன, பயிற்சிக்காலம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

புதுக்கடைக்குப் போ என்று நான் நெருக்கினேன். சம்பளமில்லா விடுமுறை கேள், கொழும்பில் அப்பா இருக்கிறார், மூன்று வருடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டு. வேலை செய்துகொண்டு படிக்கிற படிப்பு இழுக்கும், பாதியில் விட்டவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும், கல்யாணப் பேச்சு வரும், அதற்குப் பிறகு புத்தகம் அலுமாரிக்குப் போகும். இதெல்லாம் நான் சொன்னது, நம்பித்தான் சொன்னேன்.

அவள் ஒரு கொப்பியைத் திறந்து காட்டினாள். மாதவாரியாகக் கோடு போட்டிருந்தாள். 2023க்கான உயர்தரப் பரீட்சை அப்போது வருடக் கடைசியில் என்றிருந்தது, பிறகு 2024 ஜனவரிக்குத் தள்ளிப் போனது, பரீட்சை வரைக்கும் தம்பியின் போர்டிங்கும் டியூசனும் அவள் சம்பளத்தில். பரீட்சை முடிந்தாலும் முடிவு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் போகும். கம்பஸ் போனாலும் மகாபொல உதவித்தொகை மட்டும் போதாது, அவளுக்கு 5,000 ரூபாய் மகாபொல வந்த காலத்திலேயே அம்மா மாதாமாதம் காசு அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு வந்த சேவைக்காலப் பணத்தில் பாதி, அவள் பட்டம் படித்த நாளில் வாங்கிய கடனுக்குப் போய்விட்டது. மிச்சத்தை அவள் தொடப் போவதில்லை. அந்தக் கொப்பியில் சம்பளம் நிற்கிற ஒரு மாதம்கூட வைக்க இடம் இருக்கவில்லை.

"நீங்க எத்தன வருசம்னு பாக்குறீங்க அக்கா. நான் இந்த மாசம் வீட்ட யாரு தூக்குறதுன்னு பாக்குறேன்" என்றாள், கோபமில்லாமல்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. வழி தெரிந்தவள் என்ற நினைப்பில், என் கணக்கில் அந்த வீட்டையே நான் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். அவளுக்கு ஆலோசனை சொல்ல உட்கார்ந்ததில் என்னுடைய பெரிய பிழை அதுதான், இனி யார் வந்தாலும் முதலில் அந்தக் கொப்பியைத்தான் கேட்பேன்.

அவள் முடிவு இப்படி. எம்.ஏ. படிவத்தைக் கட்டவில்லை, சங்கிலி அம்மாவின் கழுத்தில் இருக்கிறது. வேலைக்கு எப்படியும் வேண்டிய பி.ஜி.டி.ஈ.யை முதலில் முடிப்பது, வார இறுதி வகுப்பில். அது ஓடுகிறபோதே திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சைக்குப் போடுவது.

அதற்குப் பிறகு

முதல் தடவை தெரிவில் அவள் பெயர் வரவில்லை. அன்றைக்கு நான் பயந்தேன், அவள் வாயே திறக்கவில்லை, இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்துக்கு டவுனில் ஒரு சேரிடம் போகத் தொடங்கியிருந்தாள். இரண்டாவது தடவை கிடைத்தது. இடையில் பி.ஜி.டி.ஈ. முடிந்தது. தம்பிக்குப் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி வரவில்லை, பௌதிக விஞ்ஞானத்துக்குக் கிடைத்திருக்கிறது, வீட்டில் அதற்குக் கொஞ்சம் கவலை, அவளுக்கு இல்லை.

வகுப்போ பரீட்சையோ இருக்கிற நாளில் விடியப்புறம் முதல் பஸ், ஹட்டன் வந்து கண்டி பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கி, கண்டியில் இன்னொரு பஸ் பிடித்துப் பொல்கொல்லையில் இருக்கிற பிராந்திய நிலையத்துக்கு. போக நாலு மணித்தியாலத்துக்கு மேல், வரவும் அப்படியே. பஸ்ஸில் வாசித்தால் வாந்தி வருகிறது என்று பாடங்களைப் போனில் தன் குரலிலேயே பேசிப் பதிந்து கேட்டுக்கொண்டு போகிறாள். முடிப்பாளா என்று என்னைக் கேட்டால், தெரியாது. எத்தனை வருடம் என்றும் இப்போது நான் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சு ஒன்று வந்தது, படிப்பு முடியட்டும் என்று அம்மாதான் சொல்லி அனுப்பினார். இது நான் எதிர்பார்க்காதது.

போன போயா (பௌர்ணமி) லீவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இஸ்தோப்பு மேசையில் ஒப்பந்தச் சட்டக் குறிப்புகள் விரித்துக் கிடந்தன, பக்கத்தில் மேல் லயத்து அம்மா ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், அவரும் இந்த வருடம் வேலையை விட்டவர். குறிப்புகளை ஒதுக்கிவிட்டு அவள் அவருடைய அடையாள அட்டையையும் சம்பளத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலெழுத்து மாறியிருந்தது. "எத்தன வருசத்துக்கு மாறியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு புள்ள" என்றார் அந்த அம்மா. அவள் பென்சிலை எடுத்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 14 என்று எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாள்.